எல்லைக்கு இரு புறமும் இரு பல்கலைக் கழகங்கள்



பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி முதலிய ஊர்களிலும், இடுக்கி மாவட்டத்தில் மூணாறு, தேவிகுளம், பீர்மேடு மலைகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில், கோடை மாதம் பிறந்துவிட்டால் ஒரு வினா எழுகின்றது. பிளஸ் டூ எழுதி முடித்த மகனோ மகளோ பொறியியல் படிக்க விரும்பினால், திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தொழில்நுட்பப் பல்கலைக் கழகத்தின் கல்லூரிக்கு அனுப்புவதா, சென்னை அண்ணா பல்கலைக் கழகத்தின் கல்லூரிக்கு அனுப்புவதா என்பதே அவ்வினா. வாளையாற்றைக் கடந்தால் கோயமுத்தூர். போடிமெட்டு இறங்கினால் தேனி. வீட்டிலிருந்து நோக்கினால் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே தூரந்தான். ஆயினும் இரு பக்கத்துச் சட்டமும் ஒன்றல்ல. அச்சட்டங்களைப் பற்றியும், அவற்றுக்கு அப்பால் பெற்றோர் நோக்க வேண்டிய சிலவற்றைப் பற்றியும் இன்று பேச விழைகிறேன். வேறு மாநிலங்களில் எல்லையோரத்தில் வாழும் தமிழ் மக்களுக்கும் இதில் ஓரளவு பயன் இருக்கலாம்.

முதலில் இவ்விரு பல்கலைக் கழகங்களின் பெயரைக் குறித்து ஒரு சொல். கேரளத் தொழில்நுட்பப் பல்கலைக் கழகம் 2014-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. அதுவரை அம்மாநிலத்துப் பொறியியற் கல்லூரிகள் கேரளம், மகாத்மா காந்தி, கொச்சி, கோழிக்கோடு, கண்ணூர் எனப் பல பல்கலைக் கழகங்களின் கீழ்ச் சிதறிக் கிடந்தன. 2015 ஜூலை 27-இல் முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் மறைந்தபின், அவர் பெயர் அதற்குச் சூட்டப்பெற்றது. கலாம் இராமேசுவரத்தில் பிறந்த தமிழர். அவர் விமானப் பொறியியல் கற்றது சென்னையை அடுத்த குரோம்பேட்டையில், சி. ராஜம் அவர்கள் 1949-இல் தோற்றுவித்த எம். ஐ. டி. கல்லூரியில். அங்கே சேரக் கட்டணம் செலுத்த வழியின்றி நின்றபோது தம் தமக்கையார் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்து உதவியதை அவரே எழுதியிருக்கிறார். அந்த எம். ஐ. டி., கிண்டிப் பொறியியற் கல்லூரி, அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி, கட்டடக் கலைப் பள்ளி ஆகிய நான்கும் 1978-இல் ஒன்று சேர்ந்து அமைந்ததே அண்ணா பல்கலைக் கழகம். அப்துல் கலாம் உழைத்து உயர்ந்த இடமோ திருவனந்தபுரத்துத் தும்பா. ஆக, கேரளத்துப் பல்கலைக் கழகம் ஒரு தமிழரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவரைப் பயிற்றிய கல்லூரி சென்னைப் பல்கலைக் கழகத்துள் இருக்கிறது. ஒன்று நம்முடையது, மற்றொன்று அயலாருடையது என்று பேசுவோர் இதனை ஒரு முறை எண்ணிப் பார்த்தல் நலம்.

வரலாற்றில் இன்னும் சற்றுப் பின்னே சென்றால், இந்த வினாவே இருந்ததில்லை. 1956 நவம்பர் முதல் நாள் வரை பாலக்காடு, சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது; சித்தூரும் தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தன. மலையில் இருந்தவர்க்கு 1939-இல் திறக்கப்பெற்ற திருவனந்தபுரம் பொறியியற் கல்லூரி. பாலக்காட்டாருக்கோ, 1794-இல் ஒரு நில அளவைப் பள்ளியாகத் தோன்றிய கிண்டிக் கல்லூரி முதலாகச் சென்னை மாநிலத்துக் கல்லூரிகள் எல்லாம் சொந்த மாநிலத்துக் கல்லூரிகளே. பாலக்காட்டில் ஒரே பள்ளியிலும், பின்னர் விக்டோரியா கல்லூரியிலும் ஒன்றாகப் பயின்ற இருவரை நேயர்கள் அறிவீர்கள். ஒருவர் பின்னாளில் தலைமைத் தேர்தல் ஆணையராக விளங்கிய டி. என். சேஷன், மற்றவர் கொங்கண் இருப்புப் பாதையையும் தில்லி மெட்ரோவையும் அமைத்த ஈ. ஸ்ரீதரன். இருவருக்கும் காக்கிநாடாப் பொறியியற் கல்லூரியில் இடம் கிடைத்தது. அன்று காக்கிநாடாவும் சென்னை மாநிலத்து ஊர்தான். ஸ்ரீதரன் சென்று சேர்ந்தார். சேஷன் பொறியியலை விட்டுச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைத் தேர்ந்தார். 1964 டிசம்பர்ப் புயலில் பாம்பன் பாலம் சிதைந்தபோது அதனை 46 நாட்களில் செப்பனிட்டவர் அந்த ஸ்ரீதரனே. பாலக்காட்டுப் பையன் ஒருவன் ஆந்திரக் கடற்கரையில் கற்ற கல்வி இராமேசுவரத்துக்குப் பயன்பட்டது. அக்காலத்தில் எந்த ஊரான் என்று கேட்டு விண்ணப்பத்தைத் திருப்பியனுப்ப வாளையாற்றில் ஓர் எல்லை இல்லை.

இன்று எல்லை இருக்கிறது. அதன் இரு புறமும் மாணவரைத் தேர்ந்தெடுக்கும் முறை வேறு வேறு.

தமிழ்நாட்டில் 2007-ஆம் ஆண்டு முதல் பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் கணிதத்தில் பெற்ற மதிப்பெண் நூற்றுக்கும், பௌதிகம், இரசாயனம் ஒவ்வொன்றும் ஐம்பதுக்கும் எனக் குறுக்கி, மொத்தம் 200-க்குக் கணக்கிடுகிறார்கள். இதைத்தான் கட் ஆஃப் என்று சிறு பிள்ளைகளும் சொல்கின்றனர். வேறு வாரியத்தில் படித்தவர் மதிப்பெண்ணும் சமன்செய்யப்பட்டு இதே வரிசையில் வைக்கப்படும். பின்னர்க் கலந்தாய்வு, அதுவும் 2018 முதல் இணைய வழியே நடைபெறுகிறது.

கேரளத்தில் நுழைவுத் தேர்வு உண்டு. கீம் என்று அழைக்கப்படும் அத்தேர்வு 2024 முதல் கணிப்பொறியில் எழுதப்படுகிறது. மூன்று மணி நேரம், 150 வினாக்கள், அவற்றுள் பாதி, அதாவது 75, கணிதம், 45 பௌதிகம், 30 இரசாயனம். சரியான விடைக்கு நான்கு மதிப்பெண். தவறான விடைக்கு ஒன்று கழித்து விடுவார்கள். இந்தத் தேர்வில் பெற்றதும் பிளஸ் டூ மதிப்பெண்ணும் சரிபாதியாகச் சேர்ந்தே தரவரிசை அமையும் என்பது 2011 முதல் வந்த வழக்கம். ஆனால் பிளஸ் டூ மதிப்பெண்களைச் சமன்செய்யும் விதம் குறித்து வாரியங்களுக்கிடையே ஓயாத வழக்கு. 2025 ஜூலையில் தரவரிசைப் பட்டியல் வெளியான பின்னர், அவ்வாண்டு புகுத்திய புதுக் கணக்கு முறையைக் கேரள உயர் நீதிமன்றம் செல்லாதெனத் தீர்ப்பளிக்க, பழைய முறைப்படி வேறு பட்டியல் வெளியிட நேர்ந்தது. பத்து நாட்களுக்குள் ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் இடம் மேலும் கீழும் மாறியது. ஆதலால், சென்ற ஆண்டு அண்ணன் சேர்ந்த கணக்கை வைத்துக்கொண்டு இவ்வாண்டு தம்பியின் எதிர்காலத்தை அளக்காதீர்கள். அவ்வவ்வாண்டின் விளக்கக் குறிப்பேட்டை வாங்கிப் படியுங்கள்.

இவ்விரு முறைகளுள் எது சிறந்தது என்பது அறிஞர் பட்டிமன்றத்துக்கு உரியது. பெற்றோர் காண வேண்டியது, தம் பிள்ளை எந்த முறைக்கு ஏற்றது என்பதே. ஆண்டு முழுதும் அமைதியாகப் பாடம் படித்துத் தேர்வில் முழுமையாக எழுதும் பிள்ளைக்குத் தமிழ்நாட்டு முறை ஆதரவானது. விரைந்து கணக்கிடும் கூர்மையும், தவறாக விடையளித்தால் கழிவு என்பதைக் கண்டு கலங்காத நெஞ்சும் உள்ள பிள்ளைக்குக் கேரள முறை வழி திறக்கும். ஆயினும் ஒன்று சொல்லத்தான் வேண்டும். நுழைவுத் தேர்வு என்பது இந்நாளில் பயிற்சி நிலையங்களின் பிள்ளையாகிவிட்டது. அந்த நிலையங்கள் திருச்சூரிலும் பாலாவிலும் இருக்கின்றன. தேயிலைத் தோட்டத்து லயங்களுக்கு அருகில் இல்லை. மூணாற்றுத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளும் தாய் ஒருத்தி, ஓராண்டுப் பயிற்சிக்கும் விடுதிக்கும் செலவிட வல்லவளா என்பதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

இனி, இவ்வினாவின் உயிர்நிலைக்கு வருவோம். யார் எந்த வரிசையில் நிற்கலாம்?

தமிழ்நாட்டு விதி இது. எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டிலேயே பயின்றவர் தனியே பிறப்பிடச் சான்று காட்ட வேண்டுவதில்லை. வெளி மாநிலத்தில் பயின்றவராயின், தாம் தமிழ்நாட்டைச் சொந்த மாநிலமாகக் கொண்டவர் என்று வருவாய்த் துறையினிடம் சான்று பெற்றிருத்தல் வேண்டும். பிற மாநிலத்தவராயினும் அந்த ஐந்து வகுப்புகளையும் தமிழ்நாட்டில் படித்திருந்தால் விண்ணப்பிக்கலாம். ஆனால் எந்தச் சமூகத்தவராயினும் பொதுப் பிரிவிலேயே வைக்கப்படுவர்.

கேரள விதியும் ஏறத்தாழ இதன் நிழல் போன்றதே. மாணவரோ, தாய் தந்தையருள் ஒருவரோ கேரளத்தில் பிறந்தவரென்று சான்று இருந்தால் அவர் கேரளீயர். இட ஒதுக்கீடு, கட்டணச் சலுகை யாவற்றுக்கும் உரியவர். அவ்வாறு இல்லாதவர், எட்டு முதல் பன்னிரண்டு வரை கேரளத்தில் படித்திருந்தால், தகுதி அடிப்படையிலான இடங்களுக்கு உரியவராவர், ஒதுக்கீடு கிடைக்காது.

இவ்விதிகளை இரு குடும்பங்களின்மேல் பொருத்திக் காண்போம். இவை நான் கற்பித்துக் கொண்ட குடும்பங்கள். ஆயினும் நேயர்கள் தம் அண்டை வீட்டாரை இவற்றில் காணக் கூடும்.

முதற் குடும்பம் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து உழவர் குடும்பம். நான்கு தலைமுறையாக அதே நிலம், அதே தென்னந்தோப்பு. வீட்டில் தமிழ், சந்தை பொள்ளாச்சியில், பெண் கொடுத்ததும் எடுத்ததும் உடுமலை, கிணத்துக்கடவுப் பக்கம். மகன் அங்கேயே தமிழ்வழிப் பள்ளியில் படித்துப் பிளஸ் டூ முடிக்கிறான். கல்யாண வீட்டில் தாய் மாமன் சொல்கிறார்: “மாப்பிள்ளை, பையனைக் கோயமுத்தூரிலேயே சேர்த்து விடுங்கள். நாம் பேசுவது தமிழ். நம்மை வேண்டாமென்று யார் சொல்வார்கள்?” தந்தையும் தலையசைக்கிறார். ஆனால் விண்ணப்பம் எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிகின்றது, அக்குடும்பத்துக்குத் தமிழ்நாட்டில் பிறப்பிடச் சான்று கிடையாதென்று. அவர்கள் தமிழ்நாட்டிலிருந்து குடியேறியவர் அல்லர். மாநில எல்லை வகுக்கப்படுவதற்கு முன்பே அங்கே இருந்தவர். தமிழ் பேசுவது வேறு, தமிழ்நாட்டைப் பிறப்பிடமாகக் கொள்வது வேறு என்பது சட்டத்தின் கணக்கு. அரசாங்கக் கலந்தாய்வில் அந்தப் பையனுக்கு இடமில்லை. எஞ்சியிருப்பது கல்லூரி நிர்வாகத்தார் தம் விருப்பப்படி கொடுக்கும் இடம். அதற்கு ஆகும் பணம் வேறு. அதே பையன் ஏழாம் வகுப்போடு எல்லை கடந்து பொள்ளாச்சிப் பக்கத்துப் பள்ளியில் ஐந்தாண்டு படித்திருந்தால், இரு மாநிலங்களிலும் விண்ணப்பிக்கும் உரிமை அவனுக்கு வந்திருக்கும். பிறப்பால் கேரளம், படிப்பால் தமிழ்நாடு.

ஆகவே எல்லையோரத்துப் பெற்றோர்க்கு நான் அழுத்திச் சொல்வது இதுதான். பல்கலைக் கழகத்தைத் தேர்வது பதினேழு வயதில் நிகழ்வதாக நாம் எண்ணுகிறோம். உங்கள் பகுதியில் அது பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே, பிள்ளையை எட்டாம் வகுப்பில் எங்கே சேர்க்கிறீர்கள் என்பதிலேயே முடிந்து விடுகிறது.

இதைக் கேட்டு எல்லாரும் பிள்ளைகளை எல்லைக்கு அப்பால் அனுப்பிவிட வேண்டுமென்று கொள்ளற்க. காலையில் பஸ் ஏறி மாலையில் வீடு திரும்பக் கூடிய கொழிஞ்சாம்பாறைப் பிள்ளைக்கு அது பெரிய இழப்பன்று. மூணாற்றுப் பிள்ளையை உடுமலையிலோ போடியிலோ விடுதியில் விட வேண்டும். ஒரு கலந்தாய்வு வரிசையில் நிற்கும் உரிமைக்காகப் பதின்மூன்று வயதுப் பெண் குழந்தையை ஐந்தாண்டு தாயினின்றும் பிரித்து வைப்பது, என் அபிப்பிராயத்தில், தகாது. பள்ளியே நல்ல பள்ளியாக இருந்து, அங்கே தாத்தா பாட்டி வீடும் இருந்தால் அது வேறு கதை.

மற்றொன்றையும் இங்கே குறிப்பிடுதல் வேண்டும். அகில இந்திய நுழைவுத் தேர்வின் வழியே என். ஐ. டி. கல்லூரிகளில் சேர்பவர்க்கு, பாதி இடங்கள் அந்தந்த மாநிலத்தவர்க்கென ஒதுக்கப் பெற்றிருக்கின்றன. அங்கே சொந்த மாநிலம் என்பது பிறந்த மாநிலமன்று. பன்னிரண்டாம் வகுப்பில் தேர்ச்சி பெற்ற மாநிலம். பொள்ளாச்சியில் பிளஸ் டூ எழுதியவனுக்குத் திருச்சி என். ஐ. டி. சொந்த மாநிலத்தது, பாலக்காட்டில் எழுதியவனுக்குக் கோழிக்கோடு. பாலக்காட்டிலேயே 2015-இல் தொடங்கிய ஐ. ஐ. டி.க்கு இந்த மாநிலக் கணக்கு ஒன்றும் இல்லை. வாசலுக்கு அருகில் இருந்தாலும் நாடு முழுவதோடும் போட்டியிட்டே நுழைய வேண்டும்.

இரண்டாவது குடும்பம் மூணாற்றுத் தோட்டத் தொழிலாளர் குடும்பம். பாட்டனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கங்காணியோடு மலையேறியவர். தந்தையும் தாயும் மலையிலேயே பிறந்தவர்கள். வசிப்பது நிர்வாகத்தார் கொடுத்த லயத்தில். வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் வீட்டையும் ஒழித்துக் கொடுக்க வேண்டும். ஆதலால் பல குடும்பங்கள் சங்கரன்கோவில், தேனி, இராசபாளையம் பக்கங்களில் ஒரு சிறு மனையாவது வாங்கி வைத்திருக்கின்றன. இவர்களுக்குப் பிள்ளையின் கல்லூரி என்பது பட்டம் ஒன்றை மட்டும் குறித்ததன்று. பணி ஓய்வுக்குப் பிறகு குடும்பம் எந்த மாநிலத்தில் அடுப்பு மூட்டும் என்பதையும் அது முடிவு செய்து விடும்.

இக்குடும்பங்களுள் பட்டியல் இனத்தவர் மிகப் பலர். அவர்களுக்கு ஒரு நுட்பமான இடர் உண்டு. பட்டியல் இனங்களின் பட்டியல் 1950 ஆகஸ்ட் 10-இல் குடியரசுத் தலைவரின் ஆணையால் மாநிலந்தோறும் தனித்தனியே வகுக்கப் பெற்றது. ஒரு மாநிலத்தில் பட்டியல் இனத்தவர் வேறொரு மாநிலத்துக்குக் குடியேறினால், அங்கேயும் அதே இனப் பெயர் பட்டியலில் இருந்தாலும், அம்மாநிலத்து ஒதுக்கீட்டைக் கோர இயலாதென 1990-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு தீர்ப்பளித்தது. அவ்வழக்கே ஒரு மாணவரைப் பற்றியதுதான். ஆந்திரத்திலிருந்து பம்பாய்க்கு வந்து மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்டவர் தொடுத்தது. ஆகவே 1950-க்கு முன்னரே குடும்பம் மலையேறிவிட்டது என்று நிறுவுபவர்க்குக் கேரளத்தில் சான்று கிடைக்கும். பின்னர் ஏறியவர், தம் முன்னோர் ஊர்த் தாசில்தாரிடம் தமிழ்நாட்டுச் சான்று பெற்று அங்கே கோரலாம். எதையும் நிறுவ இயலாதவர் இரு மாநிலத்திலும் பொதுப் பிரிவில் நிற்க வேண்டியதுதான். மூன்று தலைமுறையாகக் குளிரிலும் அட்டைக் கடியிலும் உழைத்த குடும்பம், ஒரு பழைய தாளைக் காட்ட முடியாமையால் இவ்வாறு நிற்பது நெஞ்சை வருத்தும் காட்சியாகும். தோட்டத்துப் பழைய ஊழியர் பதிவு, பாட்டனார் பெயர் கண்ட பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, பழைய ரேஷன் அட்டை ஆகியவற்றின் நகல்களைப் பிள்ளை தொடக்கப் பள்ளியில் இருக்கும்போதே தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரு மாநிலத்திலும் இரு சான்று வாங்கி வைத்து, எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே அதைக் காட்டலாம் என்று யோசனை சொல்வோரும் உண்டு. அவர்கள் சொற்படி நடவாதீர்கள். மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் இவ்வாறு செய்தவர்களைப் பற்றி வழக்குகள் நீதிமன்றம் ஏறியிருக்கின்றன. சேர்ந்த இடத்தையும் இழந்து, ஆண்டையும் இழக்க நேரிடும்.

விதிகளைப் பற்றி நெடுநேரம் பேசிவிட்டேன். இனி, இரு கதவுகளும் திறந்திருக்கும் பாக்கியவான்களைப் பற்றி. அவர்கள் எதைத் தேர்வது?

இங்கே ஒரு தவறான எண்ணத்தை அகற்ற வேண்டும். அண்ணா பல்கலைக் கழகமா, கேரளப் பல்கலைக் கழகமா என்று நாம் ஒப்பிடுவது பெரும்பாலும் பெயர்ப் பலகையைத்தான். அண்ணா பல்கலைக் கழகத்தின் சொந்த வளாகத்தில் கிண்டியில் படிப்பதும், அதனோடு இணைந்த நானூறுக்கு மேற்பட்ட கல்லூரிகளுள் கடைசியில் நிற்கும் ஒன்றில் படிப்பதும், பட்டத்தாளில் ஒன்றாக இருக்கலாம், கல்வியில் ஒன்றல்ல. கோயமுத்தூரில் 1945-இல் தொடங்கிய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி, 1951-இல் எழுந்த பூ. சா. கோ. கல்லூரி, மதுரையில் 1957-இல் கருமுத்து தியாகராசர் கண்ட கல்லூரி ஆகியவை தன்னாட்சி பெற்றவை. தாமே பாடத்திட்டம் வகுத்து, தாமே தேர்வு நடத்துகின்றன. பல்கலைக் கழகம் பட்டம் மட்டும் வழங்குகிறது. மூணாற்றுக்குக் கீழே போடிநாயக்கனூரில் 2012-இல் ஓர் அரசினர் பொறியியற் கல்லூரி ஏற்பட்டிருக்கிறது. கேரளப் பக்கத்திலோ திருவனந்தபுரம், திருச்சூர் அரசினர் கல்லூரிகளும், 1960 முதல் பாலக்காடு அகத்தேத்தறையில் நடைபெறும் என். எஸ். எஸ். பொறியியற் கல்லூரியும், ஸ்ரீகிருஷ்ணபுரத்து அரசினர் கல்லூரியும், இடுக்கி பைனாவில் உள்ள அரசினர் கல்லூரியும், மூணாற்றிலேயே உள்ள பொறியியற் கல்லூரியும் இருக்கின்றன. திருச்சூர் அரசினர் கல்லூரியில் இடம் கிடைக்கும் பிள்ளையை, தமிழ்நாடு என்ற ஒரே காரணத்துக்காகப் பெயர் கேள்விப்படாத தனியார் கல்லூரிக்கு அனுப்புவது பேதைமை. கோயமுத்தூர் அரசினர் கல்லூரியில் இடம் கிடைத்த பிள்ளையை, கேரளத்துப் பட்டம் என்பதற்காக அங்கே ஆசிரியரற்ற ஒரு கல்லூரிக்கு அனுப்புவதும் அதுவே.

எல்லையோர ஊர்களில் கோடையில் தரகர்கள் திரிகின்றனர். கட்டணத்தில் தள்ளுபடி, விடுதியில் தள்ளுபடி, மடிக்கணினி இனாம் என்று அவர்கள் சொல்வதைக் கேட்டுப் பெற்றோர் மயங்குகின்றனர். ஒரு கடை, சரக்கை இனாமோடு விற்கிறதென்றால் அந்தச் சரக்கைத் திருப்பிப் பார்ப்போமல்லவா? 2024-இல் தமிழ்நாட்டில் ஒரு செய்தி வெளிவந்தது. ஒரே ஆசிரியரின் பெயர் ஒரே ஆண்டில் பல கல்லூரிகளின் ஆசிரியர் பட்டியலில் இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. தாளில் ஆசிரியர் உண்டு, வகுப்பறையில் இல்லை. கேரளத்திலோ மாணவர் சேர்க்கை குறைந்து தனியார் பொறியியற் கல்லூரிகள் சில மூடப்பட்டுள்ளன. நடுவழியில் கல்லூரி மூடினால் பிள்ளையின் நிலை என்ன? ஆகவே கல்லூரியைப் பார்க்கச் செல்லும்போது முகப்புக் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். வேலை நாளில் செல்லுங்கள். மூன்றாம் ஆண்டு மாணவர் இருவரைத் தனியே அழைத்து, ஆய்வுக் கூடத்தில் இயந்திரம் ஓடுகிறதா, பாடத்துக்கு எத்தனை ஆசிரியர் மாறினார் என்று கேளுங்கள். தாம் சேர விரும்பும் அந்தப் பிரிவுக்கே என். பி. ஏ. அங்கீகாரம் உண்டா என்று விசாரியுங்கள். கல்லூரிக்குப் பொதுவாக உண்டு என்ற விடை போதாது. அண்ணா பல்கலைக் கழகம் கல்லூரிவாரியாகத் தேர்ச்சி விழுக்காட்டை வெளியிடுகிறது. அதைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஐந்து நிமிடச் சோம்பலால் நான்காண்டை இழந்தவர் உண்டு.

பல்கலைக் கழக நிர்வாகத்தில் எது ஒழுங்கானது என்று கேட்பவர்க்கு நான் கூறுவது சிறிதே. கேரளத் தொழில்நுட்பப் பல்கலைக் கழகத்தின் துணைவேந்தர் நியமனத்தை 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இரத்துச் செய்தது. அண்ணா பல்கலைக் கழகத்தின் துணைவேந்தர் பதவி 2024 ஆகஸ்டில் காலியாகி நெடுநாள் நிரப்பப்படாதிருந்தது. இதில் ஒருவரை ஒருவர் குறை கூறுதற்கு இடமில்லை.

மொழியைப் பற்றிப் பெற்றோர் பெரிதும் கவலை கொள்கின்றனர். இரு பக்கமும் பாடம் ஆங்கிலத்திலேயே. தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைக்கு முதலாண்டில் திகைப்பு எங்கும் ஒன்றே. ஆனால் தமிழ்நாட்டில் ஆசிரியர் இடையிடையே தமிழில் விளக்குவார். கேரளத்தில் மலையாளத்தில் விளக்குவார். எல்லையோரப் பிள்ளைக்கு மலையாளம் செவிக்குப் பழகியதே. பாலக்காட்டுச் சந்தையிலும் அடிமாலி பஸ் நிலையத்திலும் அதைக் கேட்டே வளர்ந்தது. அண்ணா பல்கலைக் கழகத்தில் 2010 முதல் கட்டடப் பொறியியலும் இயந்திரப் பொறியியலும் சில உறுப்புக் கல்லூரிகளில் தமிழ் வழியே கற்பிக்கப்படுகின்றன. சேர்பவர் தொகை குறைவாயினும் வாயில் இருக்கிறது. அன்றியும் அங்கே அண்மைப் பாடத்திட்டத்தில் முதலாண்டு மாணவர் எல்லாரும் ‘தமிழர் மரபு’, ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ என இரு சிறு பாடங்கள் படிக்கின்றனர். தமிழ் எழுத்தையே மறக்கும் நிலையில் வெளி மாநிலங்களில் வளரும் பிள்ளைகளுக்கு அது ஒரு நன்மை. அதற்காகவே ஒரு கல்லூரியைத் தேர்க என்று நான் சொல்லமாட்டேன்.

வேலை வாய்ப்புக் கணக்கு வேறு. பெருந்தொழிற்சாலைகளும் கணிப்பொறி நிறுவனங்களும் பட்டத்தாளில் எந்த மாநிலத்து முத்திரை என்று பார்ப்பதில்லை. தமிழ்நாட்டுப் பட்டம் பெரும்பாலும் பி. இ. என்றும் கேரளத்துப் பட்டம் பி. டெக். என்றும் இருப்பதாலும் யாதொரு தீங்குமில்லை. அரசாங்க வேலை நாடுவோர்க்குத்தான் மொழி குறுக்கே வரும். தமிழ்நாட்டுத் தேர்வாணையத்தின் தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாள் இப்போது கட்டாயம். மலையாள வழியில் பயின்ற தமிழ்ப் பிள்ளை இதில் தடுக்கி விழுவதுண்டு. கேரள அரசுப் பணிக்கு மலையாள அறிவு வேண்டும். ஆயினும் அங்கே தமிழரும் கன்னடரும் மொழிச் சிறுபான்மையர் என அங்கீகரிக்கப் பெற்றவர்கள். மூணாற்றுக்கு அருகே பள்ளிவாசலில் 1940-இல் சுழலத் தொடங்கிய மின் இயந்திரங்களையும், 1976-இல் இயங்கத் தொடங்கிய இடுக்கி மின் நிலையத்தையும் கண்டு வளர்ந்த மலைப் பிள்ளை ஒன்று, அங்கேயே மின் பொறியாளராக வர விரும்பினால், மலையாளம் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளட்டும். தாய்மொழிக்கு அதனால் குறைவு வாராது.

பணத்தைப் பற்றி: அரசினர் கல்லூரிகளில் இரு பக்கமும் கட்டணம் தாங்கக் கூடியதே. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருபவர்க்குத் தமிழ்நாட்டில் கட்டணச் சலுகை உண்டு. அங்கே அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்க்கு 2021 முதல் 7.5 விழுக்காடு இடமும் உண்டு. இவை தமிழ்நாட்டுப் பிறப்பிடத்தையும் அங்கத்துப் பள்ளியையும் பொறுத்தவை. பொள்ளாச்சியில் படித்த கேரளத்துப் பிள்ளை இவற்றை நம்பிக் கணக்கிடாதிருப்பதே நன்று. கேரளத்தில் பட்டியல் இனத்தவர்க்குரிய கல்வி உதவி அங்கத்துச் சான்று பெற்றவர்க்கே. வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரக் கூடிய கல்லூரி என்றால் நான்காண்டு விடுதிச் செலவு மிஞ்சும். அந்த மிச்சம் பல சமயங்களில் எந்த உதவித் தொகையையும் விடப் பெரிது.

கடைசியாகக் காலத்தைக் குறித்து ஓர் எச்சரிக்கை. தமிழ்நாட்டு விண்ணப்பம் பிளஸ் டூ முடிவு வெளிவரும் கோடையில் பெறப்படுகிறது. கேரளக் கீம் தேர்வுக்கான விண்ணப்பமோ அம்முடிவு வெளிவருவதற்குப் பல வாரங்கள் முன்னரே மூடிவிடும். பொதுத் தேர்வு முடியட்டும், பிறகு பார்ப்போம் என்றிருந்தவர்க்கு ஒரு கதவு அடைபட்டது தெரிவதே மே மாதத்தில்தான். தமிழ்நாட்டில் நிச்சயம் இடம் கிடைக்கும் என்று நம்புகிற வீட்டாரும் கீம் விண்ணப்பத்தை அனுப்பி வையுங்கள். பிறப்புச் சான்று, பெற்றோர் பிறந்த இடத்துக்குரிய சான்று, எட்டு முதல் பன்னிரண்டு வரை படித்த பள்ளிகளின் சான்று, சமூகச் சான்று, வருமானச் சான்று ஆகிய ஐந்தையும் புத்தாண்டுக்கு முன்பே ஓர் உறையிலிட்டு வையுங்கள். பெயர் எழுத்துக்கள் தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் ஒவ்வொரு தாளில் ஒவ்வொரு விதமாக இருக்கும். முதலெழுத்து ஒன்றில் முன்னும் ஒன்றில் பின்னும் நிற்கும். அவற்றைத் திருத்திக்கொள்ள வட்ட அலுவலகத்துக்கு இரண்டு மூன்று முறை நடக்க வேண்டியிருக்கும். ஆகையால் அதைத் தசரா விடுமுறையிலேயே தொடங்கி விடுங்கள்.